இருட்டறைத் தோழமை – 7: பனிப்புயல் இரவில் வந்த ஐந்து பேர்

சென்ற இதழில் கல்கத்தாவில் இருந்தோம். 1947 அக்டோபரில் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்கள் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கி, ஐசன்ஸ்டைனின் 'பேட்டில்ஷிப் பொட்டம்கின்' படத்தை முதலில் திரையிட்டதைப் பார்த்தோம். அதற்கு அடுத்த மாதம், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஓர் இளம் தம்பதி ஏறக்குறைய இதே வேலையில் இறங்கினார்கள். கணவர் ஆமோஸ் வோகல், மனைவி மார்சியா. அவர்கள் தொடங்கிய சங்கத்தின் பெயர் 'சினிமா 16'. பதினாறே ஆண்டுகள்தான் அது உயிரோடு இருந்தது. ஆனால் லாப நோக்கமில்லாத ஒரு திரைப்பட அமைப்பு யாருக்காக இருக்க வேண்டும், படம் எடுப்பவருக்காகவா, பார்ப்பவருக்காகவா என்ற கேள்வி, முழு வீச்சில் முதலில் எழுந்தது அங்கேதான் என்பது என் எண்ணம். அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே தருகிறேன்.

வோகல் 1921-இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே அந்த ஊர் ஃபிலிம் சொசைட்டி ஒன்றில் 'நைட் மெயில்' என்ற பிரிட்டிஷ் ஆவணப்படத்தைப் பார்த்தார். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரவில் தபால் சுமந்து போகும் ஒரு ரயிலைப் பற்றிய படம், அவ்வளவுதான். கதாநாயகனும் இல்லை, காதலும் இல்லை. தபால்காரர்களையும் தண்டவாளத்தையும் வைத்து இப்படியும் ஒரு படம் எடுக்கலாம் என்பது அந்தப் பையனின் மனதில் தைத்துவிட்டது. 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பி, கியூபா வழியாக அமெரிக்கா வந்து சேர்ந்தது. பாலஸ்தீனத்துக்குப் போய்க் கூட்டுப்பண்ணையில் வேலை செய்ய வேண்டும் என்ற ஆசையில் ஜார்ஜியா மாநிலத்தில் கால்நடை வளர்ப்புகூடப் படித்தார். பிறகு அந்த ஆசையை விட்டுவிட்டு நியூயார்க்கில் தங்கிவிட்டார்.

அன்றைய அமெரிக்காவில் படங்களுக்குப் பஞ்சம் இல்லை. திரையரங்குகள் ஹாலிவுட்டின் பிடியில் இருந்தன. அங்கே ஓடியவை 35 மி.மீ. படச்சுருள்கள். இன்னொரு பக்கம், போர்க்காலத்தில் ராணுவத்தினருக்குப் பயிற்சிப் படங்கள் காட்டப் பயன்பட்ட 16 மி.மீ. புரொஜெக்டர்கள் போர் முடிந்ததும் பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் பரவியிருந்தன. சிறிய கேமரா, மலிவான சுருள். அதை வைத்துக்கொண்டு தனியாள்கள் படம் எடுத்தார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்களும் எடுத்தார்கள். எடுத்த படங்கள் தகர டப்பாக்களில் கிடந்தன. அவற்றைக் காசு கொடுத்துப் பார்க்க ஓர் இடம் இல்லை. வோகல் தன் சங்கத்துக்கு வைத்த பெயரில் உள்ள 16 என்ற எண் அந்தச் சுருளின் அகலம்தான்.

வழி காட்டியவர் மாயா டெரன். 1946-இல் அவர் மெக்டூகல் தெருவில் இருந்த ப்ராவின்ஸ்டவுன் பிளேஹவுஸை வாடகைக்கு எடுத்து, தானே எடுத்த மூன்று குறும்படங்களைத் திரையிட்டார். ஒரு காலத்தில் யூஜின் ஓ'நீலின் நாடகங்கள் நடந்த சிறிய அரங்கு அது. விநியோகஸ்தர் இல்லை, நட்சத்திரம் இல்லை. இருந்தும் கூட்டம் அரங்குக்கு வெளியே நின்றது. அந்தக் கூட்டத்தில் வோகலும் இருந்தார். ஒருவருடைய மூன்று படங்களுக்கே இத்தனை பேர் வருகிறார்கள் என்றால், டப்பாக்களில் கிடக்கும் மற்ற படங்களுக்கு வர மாட்டார்களா என்று யோசித்தார்.

அடுத்த ஆண்டு நவம்பரில், அதே அரங்கில் சினிமா 16-இன் முதல் நிகழ்ச்சி. நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் ஆடிய ஒரு படம், குரங்குகளைப் பற்றிய ஓர் அறிவியல் படம், ஓர் அனிமேஷன், கனவும் விபரீதமும் கலந்த ஒரு சோதனைப் படம், வெறும் உருவங்களும் நிறங்களும் அசையும் ஒரு படம் எனப் பட்டியல் போனது. பார்த்தவர்கள் வெளியே போய்ச் சொல்ல, மீண்டும் மீண்டும் பல இரவுகள் அதையே ஓட்ட வேண்டியிருந்தது.

அந்த உற்சாகத்தில் இரண்டாவது நிகழ்ச்சிக்குக் கைப்பணத்தைப் போட்டு 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் பெரிய விளம்பரம் கொடுத்தார்கள். அன்று இரவு நகரத்தைப் பனிப்புயல் மூடியது. தெருவில் வண்டி ஓடவில்லை. அரங்கில் இருந்தவர்கள் வோகல், மார்சியா, புரொஜெக்டர் இயக்குபவர், பிறகு பனியில் நடந்து வந்து சேர்ந்த ஐந்து பேர். படம் ஓடியது. மறுநாள் கடன்தான் மிச்சம்.

இத்தோடு முடிந்துபோன சங்கங்கள் எத்தனையோ உண்டு. நம் ஊர்களிலும் முதல் கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்து மூன்றாவது கூட்டத்தில் கதவடைத்த அமைப்புகளை நான் அறிவேன். வோகல் தம்பதி அந்த இரவிலிருந்து ஒரு பாடம் கற்றார்கள். அன்றன்றைய நுழைவுச்சீட்டை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. மழையோ பனியோ வந்தால் கவிழ்ந்துவிடும்.

இன்னொரு முட்டுக்கட்டை தணிக்கை. நியூயார்க் மாநிலத்தில் பொதுமக்களுக்குக் காட்டும் எந்தப் படமும் முன்கூட்டியே மாநிலத் தணிக்கைக்குப் போக வேண்டும். படத்தோடு அதன் வசனப் பிரதியையும் கொடுக்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். வசனமே இல்லாத, கோடுகளும் வட்டங்களும் மட்டும் அசையும் படத்துக்கும் எழுத்துப் பிரதி கேட்டார்கள். பத்து நிமிடப் படங்கள் ஐந்தைச் சேர்த்துக் காட்டும் ஒரு சிறிய சங்கத்தால் இந்தச் செலவையும் அலைச்சலையும் தாங்க முடியுமா?

வழக்கறிஞர்களைக் கலந்தபோது ஒரு வழி தெரிந்தது. லாப நோக்கமற்ற உறுப்பினர் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டினால் முன்தணிக்கை கிடையாது. வாசலில் சீட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரே ஏற்பாட்டில் இரண்டு முடிச்சுகளும் அவிழ்ந்தன. உறுப்பினர் ஆண்டுச் சந்தாவை முதலிலேயே கட்டிவிடுவார். அந்தப் பணத்தில் அரங்கு வாடகையும் படச்சுருள் வாடகையும் உறுதியாகிவிடும். பனிப்புயல் வந்தாலும் கவலை இல்லை.

இந்தச் சந்தாவில்தான் சினிமா 16-இன் உயிர் இருந்தது. ஒரு பருவம் முழுவதற்கும் பணம் கட்டியவர், தனக்குத் தெரிந்த பெயருக்காக மட்டும் வருபவராக இருக்க முடியாது. இதற்கு முன் கேள்விப்படாத படத்துக்கும் அவர் ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று. பிடிக்கும் என்று தெரிந்ததைக் கேட்டு வாங்கும் ரசிகரிடமிருந்து, தெரியாததைப் பார்க்க நம்பி வரும் ரசிகரை இந்த ஏற்பாடு உருவாக்கியது. பெயர் தெரியாத ஒரு இளைஞர் எடுத்த பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு ஆயிரம் பேர் முன்பணம் கட்டிக் காத்திருப்பதைவிடப் பெரிய உதவியை அந்த இளைஞருக்கு யாரால் செய்துவிட முடியும்?

கூட்டம் பெருகியது. சங்கம் போய்ச் சேர்ந்த இடம் மன்ஹாட்டனில் தையல், ஆடைத் தொழில் கற்பிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளி. அதன் அரங்கில் சுமார் 1,600 இருக்கைகள். பகலில் மாணவர்கள் ஊசியும் நூலும் பழகிய கட்டடத்தில், இரவில் அதே நாளில் இரண்டு காட்சிகள் நடத்தும் அளவுக்கு ஆள் வந்தது. உச்சத்தில் உறுப்பினர் எண்ணிக்கை ஏறக்குறைய 7,000. அமெரிக்காவில் அதுவரை அவ்வளவு பெரிய ஃபிலிம் சொசைட்டி இருந்ததில்லை. அரசு மானியம் இல்லாமல், மக்களின் சந்தாவில் நடந்த காரியம் இது.

ஒவ்வொரு நிகழ்ச்சியையும் வோகல் மாலை தொடுப்பது போலத் தொடுத்தார். ஆனால் ஒரே நிறப் பூக்களை ஒருபோதும் சேர்த்துக் கட்டமாட்டார். அறிவியல் படத்தின் பக்கத்தில் சோதனைப் படம். அதன் பக்கத்தில் கசாப்புக்கூடத்தைக் காட்டும் ஜார்ஜ் ஃப்ரான்ஜுவின் ஆவணப்படம். பிறகு ஓர் அனிமேஷன். ஒன்றைப் பார்த்த கண் அடுத்ததை வேறு விதமாகப் பார்க்கும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதி அச்சிட்டுக் கொடுத்தார்கள். பிடிக்காதபோது உறுப்பினர்கள் சீறினார்கள். சத்தம் போட்டுக் கண்டித்தவர்களும் உண்டு. ரசிகரைக் குளிர்விப்பது தன் வேலை இல்லை என்பதில் வோகல் தெளிவாக இருந்தார்.

எவ்வளவு தெளிவு என்பதற்கு ஒரு சான்று போதும். 1958-இல் அவர் நாஜிகளின் கொடிய யூத வெறுப்புப் பிரச்சாரப் படமான 'நித்திய யூதன்' படத்தைத் தன் உறுப்பினர்களுக்குத் திரையிட்டார். அந்தப் பிரச்சாரத்துக்குத் தப்பி ஊரைவிட்டு ஓடிவந்தவர் அவர். ஒரு படச்சுருள் மனிதர்களை எப்படிக் கொலைக்குத் தயார்செய்யும் என்பதை, விளக்கக் குறிப்புகளோடு, பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். தணிக்கை அதிகாரியின் கையில் விட்டிருந்தால் இது நடந்திருக்காது. உறுப்பினர்மேல் வைத்த நம்பிக்கையால்தான் நடந்தது.

விவாதமும் உண்டு. 1953 அக்டோபர் 28 அன்று 'கவிதையும் திரைப்படமும்' என்ற தலைப்பில் ஒரு கருத்தரங்கம். மேடையில் மாயா டெரன், விமர்சகர் பார்க்கர் டைலர், நாடகாசிரியர் ஆர்தர் மில்லர், வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ். நாடகம் ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குக் கிடைமட்டமாக நகர்கிறது, கவிதை ஒரே கணத்துக்குள் செங்குத்தாக இறங்குகிறது, சினிமாவால் இரண்டும் முடியும் என்று டெரன் விளக்கினார். தாமஸ் அதைக் கேலி செய்தார், கூட்டம் சிரித்தது, மில்லரும் தாமஸ் பக்கம் சாய்ந்தார். மேடையில் இருந்த ஒரே பெண், அங்கிருந்தவர்களில் சினிமாவைப் பற்றி மிக ஆழமாக யோசித்திருந்தவர், தன் கருத்தை விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார். தாமஸ் அடுத்த பன்னிரண்டு நாட்களில் அதே நகரத்தில் இறந்துபோனார். அன்று சிரிக்கப்பட்ட டெரனின் கருத்து இன்று திரைப்படக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

இனிப் படம் எடுப்பவர்கள் பக்கம் வருவோம். திரையிடுவதோடு சினிமா 16 நிற்கவில்லை. சோதனைப் படங்களை வாடகைக்கு விடும் விநியோகப் பிரிவு ஒன்றையும் நடத்தியது. பட்டியல் அச்சிட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் மற்ற ஊர்ச் சங்கங்களுக்கும் அனுப்பியது. ஒருபாலின ஈர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன கென்னத் ஆங்கரின் 'ஃபயர்வொர்க்ஸ்' படத்தை அந்தக் காலத்தில் திரையிட்டதோடு விநியோகமும் செய்தார்கள். வாடகையில் பெரிய தொகை வந்துவிடாது. ஆனால் அடுத்த சுருள் வாங்கவும் லேபுக்குக் கட்டவும் அது உதவியது. தான் எடுத்தது எங்கோ ஒரு கல்லூரி வகுப்பறையில் ஓடுகிறது என்ற செய்தியும் படமெடுத்தவரை வந்து சேர்ந்தது.

ஜான் கேசவெட்டிஸின் 'ஷேடோஸ்' கதை இங்கே வருகிறது. 1957-இல் அவர் இரவு நேர வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பேசும்போது, சாதாரண மக்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் மக்களே பணம் அனுப்புங்கள் என்று கேட்டார். கேட்டவர்கள் டாலர் நோட்டுகளை அனுப்பினார்கள். அப்படித் தொடங்கிய படம். முதல் வடிவத்தை 1958-இல் திரையிட்டபோது பலருக்குப் பிடிக்கவில்லை. மீண்டும் படம்பிடித்து மாற்றி அமைத்தார். மாற்றிய வடிவம் 1959 நவம்பர் 11 அன்று சினிமா 16-இல் திரையேறியது. அமெரிக்கத் தனிச் சினிமாவின் வரலாற்றை எழுதுபவர்கள் தவறாமல் குறிப்பிடும் இரவு அது.

அந்த இரவில் ஒருவர் கோபப்பட்டார். ஜோனாஸ் மேகாஸ். அவருக்குப் பிடித்திருந்தது முதல் வடிவம். தான் நடத்திய 'ஃபிலிம் கல்ச்சர்' இதழின் முதல் சுயேச்சைத் திரைப்பட விருதை அதற்குத்தான் அவர் கொடுத்திருந்தார். மாற்றிய வடிவம் வழக்கமான படம்போல ஆகிவிட்டது என்று எழுதினார்.

மேகாஸும் அகதிதான். லித்துவேனியாவின் ஒரு கிராமத்தில் 1922-இல் பிறந்தவர். போரின்போது ஜெர்மனியில் கட்டாய உழைப்பு முகாமிலும், பிறகு அகதி முகாம்களிலும் இருந்துவிட்டு 1949 அக்டோபரில் நியூயார்க் வந்தவர். வந்த சில வாரங்களிலேயே கடன் வாங்கி ஒரு போலெக்ஸ் கேமரா வாங்கினார். சினிமா 16-இன் திரையிடல்களைத் தவறவிடாமல் பார்த்தவர் அவர். வோகல் உருவாக்கிய ரசிகர்களில் ஒருவர் என்றே சொல்லலாம். அந்த ரசிகர்தான் பிறகு வோகலின் முறையை எதிர்த்து நின்றார்.

மோதலுக்குக் காரணமாகச் சொல்லப்படுவது ஸ்டான் பிராக்கேஜின் 'ஆன்டிசிபேஷன் ஆஃப் தி நைட்', 1958-இல் வந்த படம். கதை இல்லை, ஒலி இல்லை. ஒளியும் நிழலும் அசைவும் மட்டும். வோகல் அதை ஏற்கவில்லை. தேர்ந்தெடுப்பவர் ஒருவர் இருந்தால், ஏற்கப்படாத படமும் இருக்கத்தானே செய்யும்? ஆனால் சோதனைப் படத்துக்கு அந்த நாட்டில் இருந்ததே ஏறக்குறைய ஒரு வாசல்தான். அதுவும் மூடினால் பிராக்கேஜ் எங்கே போவார் என்பது மேகாஸின் கேள்வி.

1960 செப்டம்பர் 28 அன்று மேகாஸின் முன்முயற்சியில் 23 பேர் நியூயார்க்கில் கூடி, 'புதிய அமெரிக்க சினிமாக் குழு' என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். 1962-இல் 'ஃபிலிம்மேக்கர்ஸ் கோஆப்பரேட்டிவ்' பிறந்தது. அலுவலகம் மேகாஸ் குடியிருந்த மாடி அறைதான். விதிகள் மிக எளியவை. படம் கொண்டுவரும் எவருக்கும் இடம் உண்டு. எந்தப் படத்தையும் நிராகரிப்பதில்லை. பட்டியலில் எல்லோர் பெயரும் அகர வரிசையில். உரிமை எடுத்தவருக்கே. வாடகையில் 75 சதவீதம் எடுத்தவருக்கு, 25 சதவீதம் கூட்டுறவின் செலவுக்கு. படத்தை வேறு யாரிடம் வேண்டுமானாலும் அவர் கொடுத்துக்கொள்ளலாம்.

வோகலுக்கு இது வலித்தது. எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால் ரசிகர் எதை நம்பி வருவார், மோசமான படங்கள் குவிந்தால் நல்ல படத்துக்கு ஏற்கெனவே இருக்கும் கொஞ்சம் ஆட்களும் போய்விடுவார்களே என்பது அவர் அச்சம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பிராக்கேஜ் விஷயத்தில் வோகல் பிழை செய்தார். அந்த ஒரு மறுப்பு கூட்டுறவு பிறந்ததற்கு நியாயம் சேர்க்கிறது. ஆனால் ஏழாயிரம் பேரைச் சந்தா கட்ட வைத்து, பழகாத படத்தின் முன் உட்கார வைத்த வேலை இன்னும் கடினமானது. அதை மேகாஸ் செய்யவில்லை, அவருக்குப் பின் வந்தவர்களும் அந்த அளவில் செய்யவில்லை. கூட்டுறவு எடுத்தவரைக் காத்தது. பார்ப்பவரை உருவாக்கும் பொறுப்பை யார் தலையிலும் அது வைக்கவில்லை.

1963-இல் சினிமா 16 மூடப்பட்டது. அரங்கு வாடகை, அச்சுக்கூலி, தபால் செலவு எல்லாம் ஏறியிருந்தன. சங்கம் பழக்கிய ரசனை நகரம் முழுக்கப் பரவி, முன்பு அங்கே மட்டும் கிடைத்த படங்கள் மற்ற அரங்குகளிலும் ஓடத் தொடங்கியிருந்தன. சந்தா மட்டும் போதவில்லை. கைகொடுக்க அரசும் வரவில்லை. அமெரிக்க அரசு கலைகளுக்கு மானியம் தரும் தேசிய நிறுவனத்தை அமைத்தது 1965-இல். அதற்குள் காலம் கடந்துவிட்டது. வோகல் அதே 1963-இல் ரிச்சர்ட் ரவுடோடு சேர்ந்து நியூயார்க் திரைப்பட விழாவைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

மேகாஸின் பாதை வேறு விதமாகக் கரடுமுரடாக இருந்தது. 1964 மார்ச்சில் ஜாக் ஸ்மித்தின் 'ஃப்ளேமிங் க்ரீச்சர்ஸ்' படத்தைத் திரையிட்டதற்காகக் காவல்துறை அவரைக் கைது செய்தது. நீதிமன்றம் குற்றவாளி என்றது, தண்டனையை நிறுத்திவைத்தது. வோகல் அத்தனை கவனமாகக் கட்டிய உறுப்பினர் வேலியின் மதிப்பு அப்போது புரிந்திருக்கும். 1970-இல் மேகாஸும் நண்பர்களும் 'ஆன்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸ்' என்ற காப்பகத்தை ஏற்படுத்தினார்கள். அதன் முதல் அரங்கில் ஒவ்வொரு இருக்கைக்கும் இரு பக்கமும் மறைப்பு இருந்தது. பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். தோளோடு தோள் இடித்து 1,600 பேர் சீறிய பள்ளி அரங்கை நினைத்துக்கொண்டு அந்த இருக்கைகளின் புகைப்படத்தைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

வோகல் 2012-இல் தன் 91-ஆவது வயதில் காலமானார். மேகாஸ் 2019-இல், 96-ஆவது வயதில். கூட்டுறவு இன்றும் நியூயார்க்கில் படங்களை வாடகைக்கு விடுகிறது.

சினிமா 16 பற்றி இவ்வளவு விவரம் நமக்குத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. நிகழ்ச்சித் தாள்களையும் கடிதங்களையும் கணக்குகளையும் வோகல் தம்பதி தூக்கிப்போடவில்லை. 2002-இல் ஆய்வாளர் ஸ்காட் மெக்டொனால்ட் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். நம் பக்கத்து ஃபிலிம் சொசைட்டிகளின் தாள்கள் எங்கே? அடுத்த இதழில் கோழிக்கோட்டுக்குப் போகிறோம். 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஊர் ஊராகத் திரையிட்டு, மக்களிடம் காசு திரட்டிப் படம் எடுத்த 'ஒடெஸா' இயக்கத்தைப் பார்க்க. அதற்குள் ஒரு வேண்டுகோள். மதுரையிலோ கோவையிலோ நெல்லையிலோ யாழ்ப்பாணத்திலோ உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய ஃபிலிம் சொசைட்டி உறுப்பினர் அட்டை, சைக்ளோஸ்டைல் செய்த நிகழ்ச்சித் தாள், சந்தா ரசீது எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்து, ஊரும் ஆண்டும் குறித்து, ஆசிரியருக்கு அனுப்புங்கள்.

(தொடரும்)